371 என்ற எண்ணை அழிக்க வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை காலை இரும்படிக்கும் சத்தம் கேட்டு, "பள்ளியில் பாடமா, பெரட்டா?" என்று சிலர் கேட்டீர்கள். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் நடக்கும் பெயர்க் கணக்கெடுப்புக்கு, ஆள் கூப்பிட அந்தக் காலத்தில் அடித்த அதே தண்டவாளத் துண்டுதான். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அதை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தார்கள்.

செம்பனைகளுக்கு நடுவே நேராகப் போகும் செம்மண் சாலையில் ஆசிரியர் விநாடிக்கு ஓர் அடி வீதம் அடித்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தபடியே விலகி நடந்தார்கள். போகப் போகச் சத்தம் பிந்தியது. ஓரிடத்தில் சுத்தியல் மேலே இருக்கும்போது சத்தம் வந்தது. "சார் காற்றை அடிக்கிறார்!" என்று ஒரு பையன் கத்தினான். இன்னும் நடந்தார்கள். ஓர் அடியின் சத்தம் அடுத்த அடி விழும்போது காதுக்கு வந்த இடத்தில் குச்சி நட்டார்கள். நாடாவில் 371 மீட்டர். விநாடிக்கு 371 மீட்டர் என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் பல பயிற்சிப் புத்தகங்களில் 371 அழிந்து, பெரியவர்கள் கையெழுத்தில் 343 இருந்தது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

343 என்பது 20 டிகிரி செல்சியஸ் காற்றுக்கான கணக்கு. சூடு ஏற ஏற ஒலி விரையும். நம் ஊரின் 30 டிகிரியில் ஏறத்தாழ 349. ஆக, உங்கள் திருத்தமும் நம் சாலைக்குப் பொருந்தவில்லை!

இப்படித் திருத்தியவர்களில் நியூட்டனும் ஒருவர். வரிசையில் கடைசிப் பிள்ளை முட்டினால், யாரும் இடம் மாறாமலே அந்த முட்டல் முன்னால் நிற்பவன் வரை போய்ச் சேருமல்லவா? காற்றில் ஒலியும் அப்படித்தான் நெருங்கியும் விலகியும் நகர்கிறது. 1687-இல் தம் 'பிரின்சிபியா' நூலில் அதைக் கணக்கில் கொண்டுவந்த நியூட்டனுக்கு மெய்யான வேகத்தைவிடக் குறைவாகவே விடை வந்தது. பின்னர் டெர்ஹாம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தேவாலயக் கோபுரத்தில் நின்று, தொலைவில் சுடும் பீரங்கியின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை ஊசலால் அளந்தார்: விநாடிக்கு 1142 அடி. அந்நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் நியூட்டனின் கணக்கிலோ 979 அடிதான். அவர் அதே பதிப்பில் காற்றுத் துகள்களின் பருமன், காற்றிலுள்ள நீராவி என்று காரணங்களைச் சேர்த்து, சரியாக 1142-க்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மேதைதான், ஆனாலும் விடையைப் பார்த்துக் கணக்குப் போட்ட கதைதான் இது.

உண்மைக் காரணத்தை 1816-இல் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் சொன்னார். சைக்கிள் பம்பை அழுத்தினால் சூடாகிறதே, அதுபோல ஒலி அழுத்தும் காற்றும் கணநேரம் சூடாகிறது. அந்தச் சூடு வெளியேற நேரமில்லாததால் அழுத்தம் கூடி, வேகமும் கூடுகிறது. நியூட்டன் விட்டது இதைத்தான்.

நம் பிள்ளைகளுக்கு 349-ஐவிடக் கூடுதலாக 22 மீட்டர் எங்கிருந்து வந்தது? நாடாவா, காற்றின் திசையா, ஆசிரியரின் கையா? என் சந்தேகம் கையின் மேல். அவரிடம் சொல்லிவிட்டேன், சிரித்தார்.

வரும் சனிக்கிழமை காலை 7.30-க்கு மறுபடி அளக்கிறோம். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். செம்பனைக் குலை லோரிகளை முச்சந்தியில் நிறுத்திவைக்கப் பெற்றோரில் இரண்டு பேர் தேவை.

அதற்குள் 371-ஐ அழித்தவர்கள் அதே இடத்தில் திரும்ப எழுதிக் கொடுத்தனுப்பவும். பேனாவால்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்