‘நனோ’ வந்துவிட்டதென்று கீமோவை நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு,

புற்றுநோய்க் கட்டியைத் தேடிப்போய் அங்கு மட்டும் மருந்தைக் கொட்டும் நனோ மருந்து (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துணிக்கையில் அடைத்த மருந்து) வந்துவிட்டதாம், இனிக் கீமோ தேவையில்லையாம் என்று கைத்தொலைபேசிகளில் செய்திகள் சுற்றுகின்றன. முழுப் பொய்யாக இருந்தால் விட்டுவிடலாம். பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை.

புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் ஐதரசன் பேரொட்சைட்டு வழமையைவிடக் கூடுதலாகத் தேங்கும். லீற்றருக்கு 50 முதல் 100 மைக்ரோமூல் வரை என்பது ஆய்வுக் கட்டுரைகள் வழக்கமாகத் தரும் கணக்கு. சுமார் 100 நனோமீற்றர் அளவுள்ள துணிக்கைக்குள் மருந்தை அடைத்து, தயோகீற்றல் அல்லது போரோனிக் எசுத்தர் எனும் இரசாயனப் பிணைப்பால் கட்டி அனுப்புகிறார்கள். பேரொட்சைட்டு பட்டதும் பிணைப்பு அறும், மருந்து வெளியே வரும். நோயைக் கண்டறிய மங்கனீசு ஈரொட்சைட்டுத் துணிக்கை இருக்கிறது. பேரொட்சைட்டும் அமிலமும் சேர்ந்த இடத்தில் அது மங்கனீசு அயனாகக் கரைந்து, எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடத்தைப் பளிச்சென்று காட்டும்.

ஆய்வுகூடத்தில் இது அழகாக நடக்கும். ஆனால் அங்கே எவ்வளவு பேரொட்சைட்டு ஊற்றினார்கள் என்று பாருங்கள். பல கட்டுரைகளில் லீற்றருக்கு 10 மில்லிமூல் (10,000 மைக்ரோமூல்), அதாவது கட்டியில் உள்ளதைப் போல் குறைந்தது 100 மடங்கு. உண்மையான கலத்துக்குள்ளோ குளுட்டாதயோன் எனும் கலத்தின் சொந்தப் பாதுகாப்புப் பொருள் மில்லிமூல் அளவில் இருந்துகொண்டு பேரொட்சைட்டை அகற்றிக்கொண்டே இருக்கும். பூட்டு திறப்பதற்குள் திறப்பையே தின்றுவிடுகிறது.

அதற்கு முன்னர் துணிக்கை கட்டிக்குப் போய்ச் சேரவேண்டுமே! விலங்குகளில் செய்த பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கணக்கின்படி, ஏற்றிய நனோ மருந்தில் கட்டியை அடைந்தது இடைநிலையாக 0.7 சதவீதம். ஈரலும் மண்ணீரலும் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஆறாத புண், நியுமோனியா, மூட்டுவாதம் என அழற்சி உள்ள இடங்களிலும் பேரொட்சைட்டு ஏறுவதால், பளிச்சிடுவதெல்லாம் புற்றுநோயும் அல்ல.

பேரொட்சைட்டால் திறக்கும் இவ்வகை மருந்து எதுவும் வழமையான புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்ற டொக்சில் நனோ மருந்துதான். ஆனால் அது கொழுப்புப் பையில் அடைத்த கீமோ மருந்து, பேரொட்சைட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

இந்தப் பெயரைச் சொல்லியே ‘நனோ’ ஒட்சியேற்ற எதிரிக் (antioxidant) குளிசைகளையும் விற்கிறார்கள். பேரொட்சைட்டை நம்பி இயங்கும் மருந்தைப் புகழ்ந்துவிட்டு, அதை அணைக்கும் குளிசையைக் கையில் கொடுப்பது வேடிக்கை. கதிர்ச்சிகிச்சை கூட ஓரளவு இதே ஒட்சியேற்றத்தால்தான் கலங்களைக் கொல்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த, 1994இல் முடிவு வெளியான பரிசோதனையில், ஒட்சியேற்ற எதிரியான பீட்டா கரோட்டினைத் தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. சிகிச்சையில் இருப்பவர்கள் விழுங்கும் எல்லாக் குளிசைகளின் போத்தல்களையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நம் பகுதியில் பேரொட்சைட்டு உண்டாகும் இடம் ஒன்று கண்முன்னே இருக்கிறது. வெற்றிலை வட்டாவில் உள்ள சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையை (அமிலத்துக்கு எதிரான தன்மையை) உண்டாக்க, பாக்கில் உள்ள பொலிபீனோல் எனும் சேர்வைகள் தாமாகவே ஒட்சியேறிப் பேரொட்சைட்டைத் தருகின்றன. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவதும் வாய்ப்புற்றுநோயே. இதைப் பிடிக்க நனோத் துணிக்கை தேவையில்லை. ரோச் லைற்றும் கண்ணாடியும் போதும்: கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ புண்ணோ மூன்று வாரத்தில் மாறாவிட்டால், வாய் முன்போல் திறக்க மறுத்தால், நோவு இல்லாவிட்டாலும் அரசாங்கப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள்.

இரசாயனவியல் ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.