ஞாயிறு குளத்தில் தூண்டில்

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 6 முதல் 10 வரை நம்ம ஊர்க்குளத்தில் தூண்டில் போடலாம். குத்தகைக்காரரிடம் பேசியாச்சு.

1. தூண்டில் மட்டும், வலை வேண்டாம்.
2. மண்புழு அவரவர் தோண்டி வரவும். சிலேபி மீனுக்கு மைதா உருண்டையே போதும்.
3. தண்ணீர்மேல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அடியில் வரால் காவல் நிற்கும். அந்தப் பக்கம் தூண்டில் போடாதீர்கள். பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.
4. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடக்கூடாது, வளர்க்கத் தடையுள்ள மீன்.
5. அறுந்த தங்கூஸை (தூண்டில் நரம்பை) கரையில் போடாதீர்கள், கொக்கு காலில் சுற்றும்.
6. படித்துறையில் பாசி. பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

அப்புறம், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே எழுதவும். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது!