கொல்லைக்கு வந்த பணம்

அன்புள்ள தம்பி பாபுவுக்கு,

அக்கா எழுதுவது. வாலாஜா பக்கம் விரைவுச்சாலைக்கு எடுத்த நம் கொல்லைக்கு 18 லட்சம் வந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். நைனா மல்லாட்டைப் பயிர் போட்ட நிலம். சந்தோஷப்படுவதா, அழுவதா தெரியவில்லை. கூடவே இன்னொன்றும் சொன்னாள்: லட்சத்துக்கு மாதம் 8,000 தருகிற இடம் தெரியும் என்று உன் சிநேகிதன் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போனானாம். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஏமாந்த கதையில் உனக்குப் பாதிதான் தெரியும். 2022இல் வேலூர், காட்பாடி, ஆற்காடு எங்கே போனாலும் இதே பேச்சாக இருந்ததே, அப்போது கூட வேலை செய்தவள் சொன்னாள் என்று 2 லட்சம் போட்டேன். மாதம் 16,000, சொன்ன தேதிக்கு டாணென்று வந்தது. ஐந்து மாதம் வந்தது. அந்த ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது. எதிர்வீட்டு அம்மாவிடம் நானே பெருமையாகச் சொன்னேன். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த 3 லட்சத்தை அவர் கொண்டுபோய்க் கட்டினார். அடுத்த மாதம் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

எனக்கு 1,20,000 போய்விட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கைக்கு வந்த 80,000 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் முதலைத்தானே எனக்கு வட்டி என்று கொடுத்தார்கள்? அந்தக் காசில் நான் வாஷிங் மெஷின் வாங்கினேன். எதிர்வீட்டு அம்மா இன்னும் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஊரில் ஒருவன் 5 வட்டிக்கு விட்டால் கந்துவட்டிக்காரன் என்று திட்டுகிறோம். நமக்கே 8 வட்டி கிடைத்தால் முதலீடு என்கிறோம். வருஷத்துக்கு 96 சதவீதம், பாபு. ஆம்பூரில் டேனரி வைத்திருப்பவருக்கு அப்படி லாபம் வந்தால் எதற்கு பேங்க்கில் கடன் கேட்டு நிற்கிறார்? உன் சிநேகிதனிடம் வட்டி எவ்வளவு என்று கேட்காதே, அதை எந்தத் தொழிலில் சம்பாதிக்கிறார்கள் என்று கேள். ஸ்டாம்பு பேப்பரில் எழுதித் தருவார்கள் என்பான். எனக்கும்தான் தந்தார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தபோது அதன் ஜெராக்ஸை இணைத்தேன். முதலீட்டாளர்களைக் காப்பாற்ற 1997லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்திருக்கிறது. சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பங்கிட்டுத் தருவார்கள். எப்போது என்று மட்டும் கேட்காதே.

அந்தச் சாலையோரத்திலேயே மனை வாங்கலாமா என்றும் யோசிக்கிறாயாம். விரைவுச்சாலையில் நினைத்த இடத்தில் ஏற முடியாது, இறங்கவும் முடியாது. வழி விட்ட இடங்களில் மட்டும்தான். மற்ற இடத்தில் மனை வாங்கினால் லாரி போவதை வேடிக்கை பார்க்கலாம். நகை வேண்டுமானால் வாங்குங்கள், போட்டு அழகு பார்க்கத்தானே. சேமிப்பு என்று மட்டும் சொல்லாதே, செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது.

பணம் முழுவதும் ஒரே பேங்க்கில் கிடக்க வேண்டாம். பேங்க்கே மூழ்கினால் ஒருவருக்கு ஒரு பேங்க்கில் 5 லட்சம் வரைதான் காப்பீடு. போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் உன் பெயரில் 9 லட்சம் போடலாம். 7.4 சதவீதம், மாதம் 5,550 வரும், 5 வருஷம். 8,000த்தைக் கேட்ட காதுக்கு இது சப்பென்று இருக்கும், தெரியும். அந்த 8,000 ஒரு லட்சத்துக்கு, இது ஒன்பது லட்சத்துக்கு. அப்படியும் இதைத்தான் சொல்வேன்.

அவசரம் பாப்பா விஷயத்தில்தான். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயது ஆவதற்குள் தொடங்கியாக வேண்டும். அவளுக்குத் தை மாதம் பத்து முடிகிறது. வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டலாம், 8.2 சதவீதம் தருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் ஆதார், பான் கார்டு, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், போட்டோ எல்லாம் எடுத்து வை. திங்கட்கிழமை காலையிலேயே போஸ்ட் ஆபீஸ் போய்விடலாம். அந்த சிநேகிதன் வந்தால் திருப்பி அனுப்பாதே. நான் வரும்வரை காபி கொடுத்து உட்கார வை.

உன் அக்கா,
குடியாத்தம்