உங்கள் பாத்திரங்கள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன

அன்பானவர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

அம்மாவை பெங்களூர் ஓசூர் ரோட்டுக் கல்லறையில், அப்பாவின் குழியிலேயே வைத்துவிட்டு வந்து இன்றோடு முப்பத்திரண்டு நாள். வாட்ஸ்அப்பில் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு இருந்திருக்கலாம், ஆனால் அம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். சபைக் கூட்டங்களில் நன்றியுரை சொல்ல எழுந்திருப்பவர்களிடம், என்ன செஞ்சாங்கன்னு சேர்த்துச் சொல்லுங்கப்பா, பொத்தாம்பொதுவா சொன்னா யாருக்கும் போய்ச் சேராது என்பார். அதனால் என்ன செய்தீர்கள் என்று எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பல பேர் சொன்னதால் பெயர் மட்டும் இல்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் எதிர்வீட்டு அக்கா. நவம்பர் மாதம் ஒரு காலை கேட் பக்கத்தில் நின்று அம்மாவோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர், அம்மாவின் வாய் ஒரு பக்கம் இழுப்பதையும் சொல் குழறுவதையும் பார்த்து, சோடா கொடுங்கள், படுக்க வையுங்கள் என்று சொன்ன யாரையும் கேட்காமல் ஆட்டோவை நிறுத்தி அம்மாவை ஏற்றிவிட்டார். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முதலில் போன இடத்தில் பெட் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியும், அடுத்த இடத்தில் நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டார்கள். அம்மாவுக்குப் பேச்சு திரும்ப வந்தது அக்காவால்தான்.

அக்காவின் வீட்டுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் இன்னும் பழையது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது அம்மா தான் படித்துக்கொண்டிருந்த மில்லர்ஸ் ரோட்டு ஐக்கிய இறையியல் கல்லூரியில் மாட்டிக்கொண்டார், இரண்டு நாள் வீட்டுக்கு வர முடியவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பி தங்கை இன்னும் சின்னவர்கள், அப்பா இறந்து ஐந்து வருஷம். அக்காவின் அம்மா எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய், கதவைத் தட்டியவர்களிடம் இவர்கள் 'நம்ம மொம்மக்களு', எங்கள் பேரப்பிள்ளைகள், என்று சொன்னார். அந்தப் பாட்டி இன்று இல்லை. அந்த வாக்கை நாங்கள் மறக்கவில்லை.

அப்புறம் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வந்த தம்பிகள். அம்மா 1947-ல் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிய வருஷமும் அதுதான் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்து, நுரையீரல் போய் இறந்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியபோது பிழைப்புக்கு பெங்களூர் வந்த பையன்களுக்கு எங்கள் ஹால்தான் முதல் மாதத்து விடுதி. ஒரே நேரத்தில் ஏழு பேர் படுத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் ஒருவர் இன்று ஆண் செவிலியர். நைட் டியூட்டி முடிந்து நேராக வந்து மூக்கு டியூப் மாற்றுவார், கஞ்சி எவ்வளவு, எத்தனை தடவை என்று தங்கைக்கு எழுதிக் கொடுப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று முறை போட்டுக் கொடுத்ததும் அவர்தான். நாலு மாதம் படுக்கையில் கிடந்த உடம்பில் ஒரு புண் இல்லை.

ஒரு பெரியவருக்கு நன்றி சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் சொல்லியாக வேண்டும். அம்மா மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாற்பத்தொரு வயதில் கல்லூரியில் சேர்ந்து, 1994-ல் குருப்பட்டம் பெற்றபோது சபையில் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. ஐயரம்மா என்றால் ஐயரின், அதாவது சபைப் போதகரின், மனைவி என்றுதான் அதுவரைக்கும் அர்த்தம். வீட்டுக்கு வருகிறவர்கள் ஐயர் இல்லையா என்று கேட்பார்கள், நான்தாங்க என்று அம்மா சொல்வார். இந்தப் பெரியவர் அம்மா கையால் திருவிருந்து வாங்கியதே இல்லை, அம்மா ஊழியம் செய்த பதினெட்டு வருஷமும். பெண்கள் பலிபீடத்தில் நிற்கக் கூடாது என்பது அவருடைய கருத்து, இப்போதும் அது மாறவில்லை, அதை என்னிடம் நேராகவே சொன்னார். ஆனால் டிசம்பரிலிருந்து வாரம் மூன்று நாள் கோலூன்றிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து 121-ஆம் சங்கீதம் வாசித்தார். அம்மா கண்ணை மூடிக் கேட்பார். இரண்டு பேரும் பழைய விஷயத்தைப் பேசிக்கொள்ளவே இல்லை. ஐயா, நீங்கள் வராத நாளில் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2013-ல் நந்தியால் பேராயத்தில் புஷ்பலலிதா அம்மையார் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானபோது, ஓய்வு பெற்று ஒரு வருஷமான அம்மா தெரு முழுக்க கேசரி கொடுத்தவர். அவர் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம், வாங்கிப் பார்த்ததில்லை. தாயாய் தகப்பனாய் எங்கள் மூன்று பேரையும், பெரியப்பா குடும்பத்தையும், பேரப்பிள்ளைகள் ஒன்பது பேரையும் கட்டிக் காத்தவருக்கு, இன்னொருவர் ஸ்பூனில் ஊட்டும்போது முதல் பத்து நாள் வாயே திறக்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர்தான், நீங்க எங்களுக்குச் செய்யலாம், நாங்க செய்யக் கூடாதா என்று அழுதுகொண்டே கேட்டார். அன்றைக்குக் கஞ்சி இறங்கியது. சங்கத்து அக்காமார்களே, அன்றிலிருந்து மார்ச் வரைக்கும் எங்கள் வீட்டு அடுப்பு பாதி நாள் எரியவில்லை.

கல்லறைக் குழியைத் திறக்கச் சபைக் கடிதம், ரசீது, இறப்புச் சான்று என்று ஒரே காலையில் மூன்று இடம் அலைந்த வாலிபர்களுக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்து கீர்த்தனை பாடியவர்களுக்கும், கீழ்வீட்டு பாய் குடும்பத்துக்கும் (நோன்பு நாளில் பட்டினியோடு நின்று எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு டீ போட்டுக் கொடுத்தீர்கள்) நன்றி.

கடைசியாகப் பாத்திர விஷயம். இரண்டு டிபன் கேரியர், ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு, கன்னடத்தில் பெயர் வெட்டிய குண்டான், மூடி இல்லாத ஹாட்பாக்ஸ், நீல மூடி டப்பாக்கள் பதினொன்று. யாருடையது எது என்று எங்களுக்குக் குழம்பிவிட்டது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அம்மாவின் சட்டம், அதனால் தங்கை கல்கல்லும் அச்சு முறுக்கும் சுட்டுக்கொண்டிருக்கிறாள், அம்மாவின் அளவில்தான், இந்தத் தடவை முறுக்கு கொஞ்சம் சிவந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்து உங்களுடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வர முடியாதவர்கள் ஒரு போன் பண்ணுங்கள், தம்பி கொண்டுவந்து கொடுப்பான்.