வித்தை என்று சொல்லிவிட்டே வித்தை காட்டட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த வாரச் சிறுவர் பகுதியில் கயிறு, சீட்டு, காசு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் மாயவித்தைகளைப் படங்களுடன் விளக்கியிருந்தீர்கள். வன்னிப் பாடசாலைகளில் நீண்டகாலம் கணிதம் கற்பித்து, மாரி நாட்களில் வகுப்பைக் கட்டிவைத்திருக்க இதே வித்தைகளை நம்பியிருந்தவன் என்ற வகையில் அதனை மனமார வரவேற்கிறேன். எனது மறுப்பு அதன் கடைசிப் பத்தியைப் பற்றியது மட்டுமே.

பத்து ரூபாய்க் காசொன்றை இடக்கை விரல் நுனிகளில் பிடித்து, வலக்கை அதை எடுப்பதுபோல் மூடும் அதே கணத்தில் இடது உள்ளங்கைக்குள் நழுவவிடுவது பார்ப்பதற்குச் சுலபம், பழகுவதற்கு வாரக்கணக்காகும். கை பழகிய பின்னரும் கண் காட்டிக்கொடுத்துவிடும். தரம் 8 இல் படித்த மாணவி ஒருத்திக்கு விரல்கள் வெகு நேர்த்தியாக ஓடின. ஆனால் காசு ஒளிந்திருக்கும் இடக்கையையே அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெறுமையான வலக்கையில் காசு இருப்பதாகத் தானே நம்பி அதைப் பார்க்கவேண்டும் என்பது அவளுக்குப் பிடிபட்ட நாளில்தான் பின் வாங்கில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். கயிற்று வித்தைக்கு எங்கள் பிள்ளைகள் மாடு கட்டும் நைலோன் கயிற்றைக் கொண்டுவருவார்கள். அது விறைத்து நின்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மெதுமையான பருத்திக் கயிற்றை வாங்கி உள்ளே இருக்கும் திரியை உருவிவிட்டால், நடுவில் வெட்டுவதாகக் காட்டி நுனியருகே வெட்டும் அந்தப் பழைய வித்தைக்கு அது நன்றாக வளைந்துகொடுக்கும். (இரகசியத்தைச் சொல்லிவிட்டதற்கு வித்தைக்காரர்கள் பொறுத்தருள்க.)

சீட்டைக் கண்டால் பெற்றோர் முகம் சுளிப்பதுண்டு. பின்னேரங்களில் முன்னூற்றி நான்கு என்ற சீட்டாட்டம் ஆடும் தகப்பன்மாரே முதலில் சுளிப்பது தனி வேடிக்கை. 21 சீட்டுகளை மூன்று நிரைகளாகப் பரப்பி, ஒருவர் நினைத்த சீட்டு உள்ள நிரையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து அடுக்கினால், அது மேலிருந்து 8 முதல் 14 வரையான இடங்களில் ஒன்றில் இருக்கும்; மீண்டும் அவ்வாறே செய்தால் 10 முதல் 12 வரை ஒடுங்கும்; மூன்றாம் முறை 11 ஆவது இடத்தில் வந்து நிற்கும். இதைவிட நல்ல கணித பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் குறைந்தது இரண்டால் வித்தியாசப்படும் மூன்று இலக்க எண்ணொன்றை நினைத்து, அதைத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வரும் விடையையும் அதன் திருப்பலையும் கூட்டினால் எப்போதும் 1089 தான் வரும். விடையை முன்கூட்டியே எழுதி உறையில் ஒட்டிவைத்தால் அது மனமறியும் வித்தை. காரணத்தை விளக்கினால் அட்சரகணிதம்.

உங்கள் கடைசிப் பத்தியோ, பார்வையாளரின் பிரிந்துபோன உறவினரைப் பற்றிப் பொதுப்படச் சொல்லி வியப்பூட்டலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வேறு ஊர்களில் இது விளையாட்டாக இருக்கலாம். காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் தெருவோரத்தில் போராட்டத்தைத் தொடங்கிய கிளிநொச்சியில் இருந்துகொண்டு நான் இதை வாசிக்கிறேன். என் அயலில் உள்ள தாயொருவரிடம் குறி சொல்பவர் ஒருவர், “உன் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான், தண்ணீருக்குக் கிட்ட இருக்கிறான்” என்றார். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, நந்திக்கடல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் கிடக்கும் வன்னியில் அந்த வார்த்தை யாருக்குத்தான் பொருந்தாது? இன்னும் என்ன தெரிகிறது என்று அந்தத் தாய் கேட்கக் கேட்க, அவரது முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்தே அடுத்த சொல்லைக் குறி சொல்பவர் எடுத்தார். மேடையில் மென்டலிசம் எனும் மனமறியும் வித்தை செய்பவர் கையாளும் முறையும் இதுவே. தாலிக்கொடியை அடகு வைத்து அந்தத் தாய் மூன்று முறை அந்தக் குறி சொல்பவரிடம் போய்வந்தார்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் அறிவித்தார். 1978 இல் அவர் மறையும்வரை அப்பணத்தை எவரும் வென்றதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் பாடம் நடத்திய மண்ணில், மனமறியும் வித்தையைப் பழகும் பிள்ளை “இது வித்தை, எனக்குச் சக்தி எதுவும் இல்லை” என்று முதலிலேயே சொல்லப் பழகவேண்டும் என்பதையும், இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் வித்தைக்குரிய பொருளல்லர் என்பதையும் அடுத்த இதழில் இரண்டு வரியிலாவது எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும், அந்தக் கடைசிப் பத்தியைக் கத்தரித்துவிட்டு மிகுதிப் பக்கத்தை எங்கள் ஊர் நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கிளிநொச்சி.