சங்கக் கட்டடத்துச் சாவிய ஒரு பின்னேரத்துக்குத் தாங்க: மாதர் சங்க அக்காமாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள்ட தலைவிமார், செயலாளர்மார், பொருளாளர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஆரையம்பதி. கேக்க வந்தத முதல்லயே கேட்டுர்றன் அக்கா. கிழமைக்கு ஒரு பின்னேரம், ரெண்டு மணித்தியாலம், சங்கக் கட்டடத்தத் திறந்து விடுங்க, நாங்க கொஞ்சப் பொம்புளையள் அதுக்குள்ள இருந்து குரோஷே, அதான் கொக்கி ஊசியால நூல்ல பின்னுற வேலை, பின்னப் போறம். விக்கிறதுக்கு இல்ல. எங்களுக்காக, சும்மா.

இந்தச் "சும்மா"தான் பிரச்சினை எண்டு எனக்குத் தெரியும். எங்கட ஊர்ல ஒரு கூட்டத்துல இதச் சொன்னப்போ முதல் வந்த கேள்வியே "அதால என்ன வருமானம் புள்ள?" எண்டுதான். கேட்டவங்கள்ல பிழை இல்ல. யுத்தம், 2004 சுனாமி, மறுகா 2011 வெள்ளம் எண்டு எல்லாத்துக்குப் பிறகும் எங்கட பக்கம் பொம்புளையளுக்கு வந்த உதவி முக்காவாசி வாழ்வாதாரம் எண்ட பேர்லதான் வந்திச்சு, கோழிக்குஞ்சு தந்தாங்க, தையல் மெஷின் தந்தாங்க, அதெல்லாம் தேவையாத்தான் இருந்திச்சு, இல்லெண்டு சொல்ல ஏலாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாங்க பத்துப் பேர் ஒரு இடத்துல கூடுறமெண்டா அது ஒண்டு கூட்டமா இருக்கும், இல்லாட்டி லோன் கட்டுற நாளா இருக்கும். இந்தக் கிழம காசு குறையுதே எண்டு நெஞ்சு படபடக்க பிளாஸ்டிக் கதிரையில இருந்த அக்காமார நான் கண்ணால பாத்திருக்கன். அதே கதிரையில கணக்குக் கேக்காம, கையெழுத்து வாங்காம, கிழமைக்கு ஒருக்காவாவது அவங்க ஆறுதலா இருக்கோணும்.

நான் பழகினது 2020 மார்ச் ஊரடங்குலதான். அப்பா மோசம் போய் நாலு மாசம், அம்மா வீட்டுக்குள்ள ஒரு சொல் பேசமாட்டா, ராவைக்கு நித்திரையும் இல்ல. பெத்தாட பழைய தகரப் பெட்டியக் கிளறக்குள்ள ஒரு ஸ்டீல் கொக்கி ஊசியும் பாதி பின்னின லேஸ் துண்டும் வந்திச்சு. டிவிக்கு மேல, செட்டி முதுகுல எல்லாம் முந்தி வெள்ள நூல்ல பின்னிப் போடுவாங்களே, அதுதான். அம்மா அத எடுத்துப் பாத்துட்டு "இது எனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துல மனையியல் டீச்சர் காட்டித் தந்தவ" எண்டு சொல்லி சங்கிலித் தையல் போடத் தொடங்கினா. நான் பக்கத்துல இருந்தன். ரெண்டு நாள் ஒண்டும் பேசேல்ல. மூண்டாம் நாள், கண் ஊசிலயே இருக்க, அப்பாட கடைசி நாளப் பத்திச் சொல்லத் தொடங்கினா, நான் கேக்காமலே.

முகத்துக்கு முகம் பாத்து இருந்து "மனசுல உள்ளதச் சொல்லு" எண்டா எங்கட ஆக்கள் சொல்லமாட்டாங்க. கை ஒரு வேலையில இருந்தா வாய் தன்னால திறக்கும். கல்லடிக் கடற்கரையில வல பொத்துற ஆக்களப் பாருங்க, கை ஓடிக்கிட்டே இருக்கும், குடும்பக் கதை முழுக்க அங்கதான் வரும்.

இது எங்கட வீட்டுக் கதை மட்டுமில்ல. அவுஸ்திரேலியாவுல வொலொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகள்ல குரோஷே பின்னுற 8,000 பேருக்கு மேல கேட்டு 2020ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல கிட்டத்தட்ட 10 பேர்ல 9 பேர் பின்னினாப் பிறகு மனசு அமைதியா இருக்கெண்டு சொல்லியிருக்காங்க. விருப்பத்தோட பின்னுறவங்கட்டத்தான் கேட்டிருக்கு, அதால இத மருந்து எண்டு நான் சொல்லமாட்டன், டொக்டர்ட்ட போக வேண்டிய ஆள் கட்டாயம் போகோணும். ஆனா நித்திரை வராத ராவுல போனத் தடவிக்கிட்டுக் கிடக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வேலை எப்படியெண்டு தெரியாதவங்களுக்குச் சொல்றன். ஒரு கொக்கி, ஒரு நூல், ஒரு வளையத்துக்குள்ளால இன்னொரு வளையத்த இழுக்கிறது, அவ்வளவுதான். ரெண்டு நீட்டு ஊசியால பின்னுற நிட்டிங் மாதிரி ஊசி நிறையத் தையல் நிக்காது, எந்த நேரமும் கொக்கில ஒரே ஒரு வளையம்தான் உயிரோட இருக்கும் (சில டிசைனுக்கு மட்டும் கூட நிக்கும்), அதால அடுப்புல கறி கொதிச்சா அப்படியே வெச்சிட்டு எழும்பலாம். 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்த நாள்ல நான் இருட்டுக்குள்ள விரலால தடவித் தடவியே பின்னியிருக்கன். மற்றது, பிழைச்சா இழுத்து அவுத்துட்டு அதே நூலால திரும்பத் தொடங்கலாம். தையல் வகுப்புல துணியப் பிழையா வெட்டினா துணி போச்சு, டீச்சர்ட ஏச்சு வேற. வாழ்க்கையில எதையும் பிழையாச் செய்ய இடமே கிடைக்காத பொம்புளைக்கு இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு உங்களுக்கு விளங்கும் அக்கா.

புள்ளையளையும் கூட்டி வரலாம். தட்டையான வட்டம் பின்ன ஒரு கணக்கு இருக்கு, முதல் சுத்துல 6 தையல், மறுகா 12, 18, 24 எண்டு ஒவ்வொரு சுத்துக்கும் ஆறு கூட்டோணும். குறைச்சாக் கிண்ணம் மாதிரிக் குழியும், கூட்டினா ஓரம் நெளிஞ்சு நெளிஞ்சு வரும். இந்த நெளிவ வெச்சுத்தான் டைனா டைமினா எண்ட லத்வியாக்காரக் கணித ஆசிரியை 1997ல, கடதாசில காட்டக் கஷ்டமான ஹைப்பர்போலிக் தளத்த, அதான் ஓரத்துக்குப் போகப் போக நெளிஞ்சு விரியிற வடிவத்த, குரோஷேயில பின்னிக் காட்டினா. அதப் பாத்து மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம் எண்ட சகோதரிமார் 2005ல முருகைக்கல் பாறைகளையே நூலால பின்னத் தொடங்கினாங்க, கடல் சூடாகி முருகைக்கல் சாகுது எண்டு சனத்துக்குக் காட்ட. பாசிக்குடாக் கடலுக்குள்ள கிடக்கிற அதே நெளிவுதான். எங்கட புள்ளையள் அதப் பின்னினா எப்படி இருக்கும்!

இனி அந்த வருமானக் கேள்வி. குரோஷே சோறு போட்டிருக்கு, உண்மைதான். 1845ல அயர்லாந்துல உருளைக்கிழங்கு நோய் பிடிச்சுப் பஞ்சம் வந்தப்போ கன்னியாஸ்திரிமார் லேஸ் பின்னப் பழக்கி எத்தினையோ குடும்பம் அதால தப்பிச்சிச்சு. ஆனா உண்மையான குரோஷேய இண்டைக்கும் மெஷினால பின்ன ஏலாது. கடையில மலிவா தொங்கிற குரோஷே சட்டையும் எங்கயோ ஒருத்தி கையால பின்னினதுதான், அவளுக்கு என்ன கூலி கிடைச்சிருக்கும் எண்டு நீங்களே யோசிங்க. கிழமைக்கணக்கா இருந்து பின்னின மேச விரிப்புக்கு இங்க நூல் காசு கூடத் தர யோசிப்பாங்க. அதால தொடக்கத்துலயே விலைச்சீட்டக் கட்டிராதீங்க. விருப்பமுள்ளவ மறுகா வித்துக்கொள்ளட்டும், அது அவட பாடு.

சாமானுக்கு உங்கள்ட்டக் காசு கேக்கேல்ல. பேன்சி கடை ஊல் எங்கட வெக்கைக்குச் சரிவராது, பருத்தி நூல்தான் நல்லம். மருதமுனைக் கைத்தறி நூல் மெலிசு, நாலு இழைய ஒண்டாப் பிடிச்சுப் பின்னினா நல்லா வருது. பழைய ரீசேட்ட நாடா மாதிரி வெட்டினா மொத்த ஊசியால கால்மிதி பின்னலாம். புதுசா வாறவங்களுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி லேசு. யூடியூப் பாத்துப் பழகிறவங்க ஒண்டக் கவனிங்க, அமெரிக்காக்காரர் டபுள் குரோஷே எண்டு சொல்றதும் இங்கிலாந்துக்காரர் சொல்றதும் வேற வேற தையல், அது தெரியாம நான் பின்னின தம்பி மகன்ட தொப்பி ரெண்டு மடங்கு உயரமா வந்து முழுக்க அவுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்காகவும்தான் ஒண்டா இருந்து பழகோணும் எண்டு சொல்றன். மணிக்கட்டு நோகும், அர மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பித் தேத்தண்ணி குடிக்கோணும், அதயும் பக்கத்துல ஆள் இருந்தாத்தான் ஞாபகப்படுத்துவாங்க.

இன்னொரு ஆசையும் இருக்கு. எங்களுக்கு அடுத்த ஊர் காத்தான்குடி, அங்க கனபேர் போடுற வெள்ளத் தொழுகைத் தொப்பியும் நூல்ல பின்னினதுதான், அதே சங்கிலி, அதே கொக்கி. அந்தப் பக்கத்து ராத்தாமாரையும் ஒரு பின்னேரம் கூப்பிடுவமே. பக்கத்துப் பக்கத்து ஊர்ல இருந்துகிட்டு சந்தைக்கு வெளிய சந்திக்கிறதே இல்ல நாங்க.

எங்கட சங்கத்துக்கு நான் நேரவே வாறன், செவ்வாக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு. கையில ஆறு ஊசி இருக்கு, அம்மாவும் வாறா. கட்டடத்தக் கூட்டித் துடைச்சு, ஃபேன நிப்பாட்டி, பூட்டிச் சாவிய உங்கட வீட்டுலயே கொண்டந்து தாறது எங்கட பொறுப்பு. மற்ற ஊர்ச் சங்கங்கள்ல ஆருக்கும் விருப்பமெண்டா, முதல் நாலு கிழமைக்கு வந்து காட்டித் தர நான் தயார், படுவான்கரைப் பக்கமெண்டாலும் பஸ் பிடிச்சு வருவன்.

இப்படிக்கு,
ஆரையம்பதியில இருந்து உங்கட தங்கச்சி ஒருத்தி