பத்துச் சொற்கள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. முதியவர்களுக்கு மறதி நோய் வராமல் தடுக்கும் ஆய்வுக்காக வேலூர்ப் பக்கம் கிராமங்களில் அலைந்துகொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. அம்மா சாவியை வைத்த இடத்தை மறந்துவிடுகிறார், நினைவாற்றலைச் சோதிக்கும் அந்த 30 மார்க் கேள்வித்தாளை அனுப்பு, நானே கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அது 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் உருவாக்கியது. இத்தனை வருடம் தமிழ் வகுப்பெடுத்த உன் அம்மா அதில் 29 வாங்கிவிடுவார். மறதி தொடங்கியிருந்தாலும் வாங்குவார். இங்கே நான் பார்த்த ஒரு பாட்டியின் கதை நேர்மாறு. இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னால், "நான் பேனாவே புடிச்சதில்லையேம்மா" என்றார். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும் வரவில்லை. ஆனால் நூறு நாள் வேலையில் தெருவில் யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்று மனக்கணக்காகச் சொல்கிறார்! தாளின்படி அவருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய்.

இதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக அந்தத் தாளையே இந்தியில் மாற்றி அமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில், 'என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்' என்று கேட்பவர் தன் கண்ணை மூடிக் காட்டுவார். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது.

எங்கள் சிக்கல் அதையும் தாண்டியது. எங்கள் தடுப்பு ஆய்வுக்கு வருகிறவர்கள் நோயாளிகள் அல்ல, நன்றாக நடமாடுகிறவர்கள். சாப்பாடு, உடற்பயிற்சி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு எல்லாம் கொடுத்த பிறகு அவர்கள் மூளையில் ஏதாவது மாறியதா என்று தெரிய வேண்டும். முதல் நாளே முழு மார்க் வாங்கியவரிடம் என்ன முன்னேற்றத்தைப் பார்ப்பாய்? பின்லாந்தில் மியா கிவிபெல்டோ குழுவினர் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரை வைத்து நடத்திய ஃபிங்கர் என்ற இதே மாதிரித் தடுப்பு ஆய்வில் (2015-இல் வெளியானது), 14 சோதனைகளின் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே அளவாக்கித்தான் இரண்டு வருட மாற்றத்தைப் பார்த்தார்கள்.

அப்புறம், பழகிப்போகும் தொல்லை. சில சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். ஆறு மாதம் கழித்து அதே பாட்டியிடம் போனால், "போன தடவை கேட்ட வார்த்தைங்கதானே, சொல்லட்டுமா?" என்கிறார். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த மதிப்பெண்ணை என்ன செய்வது? அதனால் ஒரே கடினத்தில் இரண்டு மூன்று சொற்பட்டியல் வேண்டும், பட்டியலுக்குப் பத்துச் சொல். ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தால் 'கேபின்' மாதிரி ஏதாவது வந்து நிற்கிறது. நம் சொல்லிலும் 'குடம்' என்றால் அடுத்து 'கிணறு' வரக்கூடாது, ஒன்று மற்றதை இழுத்து வந்துவிடும்.

ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர் சொல்லச் சொல்வதும் உண்டு. ஆடு மேய்த்த ஒரு தாத்தா வெள்ளாடு, செம்மறி, கிடா, குட்டி என்று அடுக்கிக்கொண்டே போனார். எத்தனை மார்க் போடுவது என்று எங்களுக்குள் அரை நாள் பேச்சு. வெள்ளாடும் செம்மறியும் தனித்தனி, கிடாவும் குட்டியும் கணக்கில் இல்லை என்று முடிவு செய்தோம். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

சரி, அம்மா விஷயம். முதலில் காது கேட்கிறதா என்று பார். சரியாகக் கேட்காத சொல்லை யாராலும் நினைவில் வைக்க முடியாது. அதோடு, லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் சொன்ன, டிமென்ஷியாவுக்கான 14 மாற்றக்கூடிய காரணிகளில் காதுகேளாமையும் ஒன்று. பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துவிடு. போன வருடத்தைவிட எது மாறியிருக்கிறது, சமையலிலா, பணம் எண்ணுவதிலா, பேச்சிலா என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. மாற்றம் தெரிந்தால் நரம்பியல் டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டு போ.

இன்னொன்று. எங்கள் மூன்றாவது பட்டியலுக்கு இன்னும் நான்கு சொல் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாதவரும் தினமும் பேசுகிற, ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களாக அம்மாவிடம் கேட்டு அனுப்புகிறாயா? அவர் கையெழுத்திலேயே இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி